கொல்லையில் ஒரு காட்டுப் பூ

செங்கற்பட்டு என்னும் ஊர்ப்பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். செங்கழுநீர் நீரில் பூக்கும் மலர். ஏரிகள் மிகுந்த நாட்டுக்கு நீர்ப்பூவின் பெயர் அமைந்தது பொருத்தமே. ஆயினும், மாணவச் செல்வங்களே, ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பி வழிகின்ற அதே ஏரிகள் வைகாசியில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சித்திரை மாதத்தில் ஒரு முறை பயணம் செய்யுங்கள். பாறை, செம்மண், சரளை, பிறகு கடல் மணல். வழிநெடுகப் பச்சை அரிது. அந்த வெயிலிலும் சாலையோரத்தில், யார் நட்டதும் அன்றி, யார் நீர் விட்டதும் அன்றி, பொன் நிறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கும் ஒரு புதர் உண்டு. அதுவே ஆவாரை. இன்று அதன் வரலாற்றையும், அதை என் வீட்டுக் கொல்லையில் வளர்க்க முயன்று நான் இரு முறை தோற்ற கதையையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தபோது, மேலதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. பள்ளியின் வேலி ஓரமெங்கும் ஆவாரை மண்டிக் கிடந்தது. பள்ளி வளாகம் தரிசுபோல் தோன்றலாகாது என்று எண்ணி, மாணவர்களைக் கொண்டு இரண்டு நாளில் அத்தனையையும் வெட்டி எறியச் செய்தேன். அவ்விடத்தில் விலைக்கு வாங்கிய குரோட்டன்ஸ் செடிகளையும் ரோஜாப் பதியன்களையும் வரிசையாக நட்டோம். அதிகாரி வந்தார், மெச்சினார், சென்றார். அடுத்த பங்குனியில் பள்ளிக் கிணறு தரை தட்டியது. குடிக்கவே நீர் இல்லாதபோது குரோட்டன்ஸுக்கு யார் ஊற்றுவது? வைகாசிக்குள் எல்லாம் சருகாயின. வேலி ஓரம் வெறும் மண்ணாகக் கிடந்தது. அப்பொழுது பள்ளிக் காவலர், "இருந்ததையும் வெட்டிப்புட்டோம், ஐயா" என்று மட்டும் சொன்னார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. வரலாறு கற்பித்தவன் நான்; என் காலடியில் இருந்த செடியின் வரலாற்றை அறியாதவனாய் இருந்தேன். ஓய்வு பெற்ற பின்னரே அதைத் தேடிப் படிக்கலானேன்.

ஆவாரை நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. சங்க நூல்களில் அதன் பெயர் ஆவிரை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்தும் 99 மலர்களுள் ஆவிரையும் ஒன்று என்பது தமிழ் வகுப்பில் நீங்கள் அறிந்ததே. அங்கே அது மகளிர் விளையாடிப் பறித்துக் குவிக்கும் மலர். ஆனால் அதற்கு வேறொரு முகமும் உண்டு. காதலில் வேறு வழியின்றித் துணிந்த இளைஞன் பனை மடலால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி, ஊரார் காணத் தெருவில் வருவதை மடலேறுதல் என்பார்கள். அவன் சூடும் மலர்கள் முல்லையோ மல்லிகையோ அல்ல. எருக்கும் பூளையும் ஆவிரையும். ஒருவரும் சூட விரும்பாத தரிசு நிலப் பூக்களைத் தேர்ந்து சூடியமையாலேயே அவன் நாணம் துறந்தவன் என்பது ஊருக்கு விளங்கிற்று. ஒரே பூ, ஓரிடத்தில் விளையாட்டின் மலர். மற்றோரிடத்தில் மானத்தைப் பணயம் வைத்தவனின் மாலை. எளிதில் கிடைப்பதை மக்கள் எவ்வாறு மதிப்பார்கள் என்பதற்கு இதைக் காட்டிலும் பழைய சான்று வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் அது வீட்டு மருந்தாயிற்று. பொங்கலை ஒட்டி ஆவாரம் பூவையும் சிறுபீளையையும் வேப்பிலையையும் சேர்த்துக் கூரையில் செருகுவதும், மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு அப்பூவை மாலையாகக் கட்டுவதும் நம் பக்கத்து வழக்கம். உலர்த்திய பூவைப் பயற்றமாவோடு சேர்த்துத் தேய்த்துக் குளிப்பார்கள். குச்சியால் பல் துலக்குவார்கள். தழையை வெட்டி நெல் வயலில் மிதித்து உரமாக்குவார்கள். சித்த மருத்துவர்கள் நீரிழிவுக்குக் கொடுக்கும் ஆவாரைக் குடிநீர் பெயர் பெற்றது. ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு ஏது என்ற கருத்தில் ஒரு பழமொழியும் உண்டு. பழமொழியை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். பழமொழி சொன்னவர்களும் ஒரு நாள் இறந்தவர்களே. இலங்கையில் சிங்கள மக்கள் இதை ரணவரா என்று அழைத்து, பூவையும் இலையையும் காய்ச்சித் தேநீர் போலப் பருகுகிறார்கள். தெலுங்கர்களுக்கு இது தங்கேடு. பதுக்கம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் மலர்க்கோபுரத்தில் தங்கேடுப் பூவுக்கு முதன்மையான இடம் உண்டு. 2014இல் தெலங்கானா தனி மாநிலமானபோது இதையே தன் மாநில மலராக ஏற்றுக்கொண்டது.

இவையெல்லாம் பூவின் பெருமை. ஆனால் ஆவாரையின் பெரிய வரலாறு பூவில் இல்லை, பட்டையில் இருக்கிறது.

ஆவாரம் பட்டையை வாயிலிட்டு மென்றால் நாக்கு சுருங்கும். அத்துவர்ப்புக்குக் காரணம் டானின் எனப்படும் பொருள். உலர்ந்த பட்டையின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கு டானின் உண்டு. இப்பொருள் விலங்குத் தோலில் உள்ள புரதத்தோடு பிணைந்துகொண்டால் அத்தோல் அழுகாது. நீரில் ஊறினாலும் கெடாது. வளையும், தேயும், ஆனால் நெடுங்காலம் உழைக்கும். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்கி, உட்புறத்துச் சதையைச் சுரண்டிக் கழுவி, ஆவாரம் பட்டையை இடித்து ஊறவைத்த தொட்டிகளில் வாரக்கணக்கில் கிடத்துவார்கள். தொட்டிக்குத் தொட்டி சாற்றின் காரம் கூடும். இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, எண்ணெய் பூசி உலர்த்துவார்கள். கிடைக்கும் தோல் வெளிறிய நிறமும் மென்மையும் உடையது. எந்த நிறச் சாயமும் அதன்மேல் நன்கு ஏறும்.

கிராமத்துத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை இது. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைப்பதை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மோட்டார் வந்து அதை மறக்கச் செய்துவிட்டது. அந்தக் கவலையின் தோற்சால், உழவரின் செருப்பு, மாட்டின் கழுத்துவார், பறையின் வார் ஆகிய இவற்றுக்கெல்லாம் தோல் வேண்டும். தோலுக்குப் பட்டை வேண்டும். இங்கே நாம் வெட்கத்தோடு நினைக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தோலைப் பதனிட்டவர்களைத் தீண்டத் தகாதவர் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கிய சமூகம், அவர்கள் பதனிட்ட தோற்சாலால் இறைத்த நீரில் விளைந்த நெல்லை உண்ணத் தயங்கவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை மனம் ஒழித்துவிட்டதா என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

19ஆம் நூற்றாண்டில் கிராமத்துத் தொழில் உலக வாணிகமாக விரிந்தது. சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டையால் பதனிட்ட மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. சென்னைப் பெரியமேடு தோல் வாணிகத்தின் மையமாயிற்று. பல்லாவரம் முதலாகப் பாலாற்றங்கரை ஊர்கள் வரை பதனிடும் தொட்டிகள் பெருகின. அங்கே சென்ற தோலைக் கொண்டு காலணியின் மேற்பகுதியைச் செய்தனர். முதல் உலகப் போர் மூண்டபோது, படைவீரர்களின் காலணிக்கு இத்தோல் ஏற்றது என்று கண்ட பிரிட்டிஷ் அரசு, சென்னையின் பதனிட்ட தோலைப் பேரளவில் வாங்கிக் குவித்தது. பிரான்சு நாட்டின் சேற்றுப் போர்க்களத்தில் நடந்த ஒரு சிப்பாயின் காலில், அவன் பெயரும் கேட்டிராத ஒரு புதரின் துவர்ப்பு ஏறியிருந்தது என்றால் அது மிகையன்று.

இவ்வளவு தோலுக்கும் பட்டை எங்கிருந்து வந்தது? தரிசு நிலங்களிலிருந்தும் காடுகளிலிருந்தும் வந்தது. ஆவாரம் பட்டை, காட்டின் சிறு விளைபொருள்களுள் ஒன்றாகக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை எடுத்தவர்கள் கிளை வெட்ட ஆள் அமர்த்தினார்கள். பட்டை உரித்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவர் சிறுமியருமே.

எங்கள் ஊரில் தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். சிறுமியாய் இருந்தபோது பட்டை உரித்தவர். நான் கேட்டபோது அவர் சொன்னது இது: "சண்டை நடந்த காலம், வாத்தியாரய்யா. விடியறதுக்குள்ள எங்கம்மா கூடப் போயிடுவேன். அவங்க வெட்டிப் போடுவாங்க, நான் கட்டையால தட்டித் தட்டி உரிப்பேன். பட்டை அவங்களுக்கு, குச்சி எங்களுக்கு அடுப்பெரிக்க. கை கறுத்துப் போயிடும், எத்தினி தேய்ச்சாலும் போவாது." அவர் சண்டை என்றது இரண்டாம் உலகப் போரை. கை கறுத்ததன் காரணம் எளிது. டானின் இரும்போடு சேர்ந்தால் கருமையாகும். பழங்காலத்து எழுதும் மையும் அவ்வாறே ஆனது. அரிவாளின் இரும்பும் பட்டையின் சாறும் அச்சிறுமியின் விரல்களில் மை தீட்டின. அவர் பள்ளிக்குச் சென்று மை தொட்டு எழுதியதில்லை. இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. கேட்ட எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

ஆவாரை வெட்ட வெட்டத் துளிர்க்கும் இயல்புடையது. ஆயினும் துளிர்த்த கிளை முதிர்ந்து பட்டை தடிக்கக் காலம் வேண்டும். தேவை மிகுந்தபோது அந்தக் காலத்தை யாரும் கொடுக்கவில்லை. பட்டை அரிதாயிற்று, விலை ஏறிற்று. தோல் வணிகர்கள் வேறு பட்டையைத் தேடினார்கள். அது தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது.

அந்தக் கதை விந்தையானது. ஆஸ்திரேலியாவில் இயற்கையாய் வளரும் வாட்டில் என்னும் மரத்தின் விதையை 1864ஆம் ஆண்டளவில் ஒருவர் நேட்டால் நாட்டுக்குக் கொண்டுபோனார். அதன் பட்டையில் ஆவாரையினும் மிகுதியான டானின் இருப்பது பின்னர் தெரியவந்தது. நேட்டாலில் அது பெருந்தோட்டப் பயிராயிற்று. முதல் போருக்குப் பின்னர் அப்பட்டையும் அதன் சாறும் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கின. ஊர்த் தரிசில் ஆள் வைத்து உரிப்பதைவிடக் கடல் கடந்து வந்த பட்டை ஆதாயமாக இருந்தது! நாடு விடுதலை பெற்ற பின், அயல்நாட்டை நம்பியிருக்கலாகாது என்ற நல்லெண்ணத்தோடு, நீலகிரியிலும் பழனி மலையிலும் நம் அரசே வாட்டில் மரத்தைப் பரந்த அளவில் நட்டது. மலை மக்கள் அதைச் சீகை மரம் என்பார்கள். நடப்பட்ட இடம் வெற்று நிலம் என்று அன்று கருதினார்கள். அது வெற்று நிலம் அன்று. மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடும் மலைப் புல்வெளி அது. வரையாடு மேயும் இடமும், குறிஞ்சி பூக்கும் இடமும் அதுவே. சீகை பரவிப் புல்வெளியை விழுங்கியது. இன்று அதே அரசின் வனத்துறை அம்மரத்தை அகற்றப் பொருளும் உழைப்பும் செலவிடுகிறது. சமவெளித் தரிசில் ஒரு புதரை அளவறிந்து வெட்டியிருந்தால் மலையுச்சிப் புல்வெளி பிழைத்திருக்குமா என்று கேட்டால், வரலாறு அப்படி ஒரே காரணத்தால் நடப்பதில்லை என்றுதான் ஓர் ஆசிரியன் விடை சொல்ல வேண்டும். ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒரு நூல் ஓடுகிறது.

மற்றொரு மாற்றம் பட்டையையே தேவையற்றதாக்க முனைந்தது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டைக்கு வாரங்கள் வேண்டிய வேலையைக் குரோமியம் ஓரிரு நாளில் முடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னையில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் இம்முறையை இங்கே ஆராய்ந்தார். அவர் மனத்தில் முதலில் இருந்தவற்றுள் ஒன்று நம் உழவரின் தோற்சால். நீரிலேயே கிடக்கும் சாலுக்குக் குரோம் தோல் ஏற்றது என்று அவர் கருதினார். 1912இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் தோல் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அத்தொழிற்சாலையால் அவ்விடத்துக்குக் குரோம்பேட்டை என்ற பெயர் வந்தது. மின்சார ரயிலில் நாள்தோறும் அந்நிலையத்தைக் கடக்கும் மாணவர்கள் பலருக்கும் இப்பெயரின் காரணம் தெரியாது. செங்கற்பட்டு மாவட்டத்து ஊரொன்று நீர்ப்பூவால் பெயர் பெற்றது; வடபாகத்து ஊரொன்று ஒரு உலோகத்தால் பெயர் பெற்றது. தோல் அறிவியலுக்கென்றே 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

குரோமியத்தின் விலையை நாம் பிறகு கொடுத்தோம். தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையிலும் பல்லாவரம் சுற்றுப்புறத்திலும் நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் செலவும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டில் நிலைநாட்டிய தீர்ப்புகளுள் அது புகழ் பெற்றது. சட்டம் பயிலப் போகும் மாணவர்கள் அதை ஒரு நாள் கட்டாயம் படிப்பீர்கள். அந்தப் பாலாறு எங்கே கடலைச் சேர்கிறது? மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், வாயலூர் அருகில். நம் மாவட்டத்துக் கரையில்தான். பட்டையால் பதனிட்ட காலத்தில் நீர் தூய்மையாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்பும் மயிரும் சதையும் கலந்த கழிவு அன்றும் நாறியது. பழமை யாவும் நன்று என்பது வரலாற்று மாணவனுக்குத் தகாத மயக்கம்.

சரி, கொல்லைக்கு வருவோம்.

என் வீடு செங்கற்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே சரளை மண்ணில் இருக்கிறது. கோடையில் குடிநீர்க்கே அளவு உண்டு. ஓய்வு பெற்ற முதலாண்டில், பழைய குற்றத்துக்குக் கழுவாய் தேடுபவன் போல, ஏரிக்கரையில் இடுப்பளவு வளர்ந்து நின்ற மூன்று ஆவாரைச் செடிகளைப் பக்குவமாகத் தோண்டிக் கொண்டுவந்து நட்டேன். மூன்றாம் நாள் தலை சாய்ந்தன. ஒரு வாரத்தில் குச்சியாயின. தோண்டிய குழியைத் திரும்பப் போய்ப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. கடப்பாரை எட்டிய ஆழத்துக்கும் கீழே ஆணிவேர் அறுந்து நின்றது. மேலே இடுப்பளவு நிற்கும் செடி, கீழே நீரைத் தேடி எவ்வளவு தொலைவு போயிருக்கிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை விதையைப் பையில் ஊன்றினேன். தொழுவுரம் நிரம்ப இட்டேன். காலையும் மாலையும் நீர் தெளித்தேன். முளைத்தவை சிலவே. அவையும் நான்கு இலை விடுமுன் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. பசியோடு இருப்பவனுக்கு உணவு கொடுக்கலாம். பசியே இல்லாதவனுக்குத் திணிக்கலாமா? என் அன்பு அச்செடிக்கு நஞ்சாயிற்று.

மூன்றாம் முறை அந்த மூதாட்டியைக் கேட்டேன். "அது தானா முளைக்கறது, நீங்க ஏன் அதும்மேல உழுந்து பெரளறீங்க?" என்றார். அதன்பின் செய்த முறையைச் சொல்கிறேன். காய் தட்டையாய், காகிதம் போல் மெல்லியதாய்ப் பழுப்பேறியதும் பறித்து உலர்த்தி விதை எடுத்தேன். விதையின் தோல் கடினமானது; நீரை எளிதில் உள்ளே விடாது. கொதித்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரை அதன்மேல் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டேன். ஊறிப் பருத்தவற்றை மட்டும் எடுத்தேன். புரட்டாசி இறுதியில், பெருமழைக்குச் சற்று முன்னே, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே, குழிக்கு நான்காக அரை விரல் ஆழத்தில் ஊன்றினேன். எரு இடவில்லை. குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி விட்டேன். மழை அதன் வேலையைச் செய்தது. குழிக்கு ஒன்றாக வலுவானதை நிறுத்தி மற்றவற்றைக் களைந்தேன். முதற்கோடையில் மட்டும் வாரம் ஒரு முறை ஒரு செம்பு நீர் விட்டேன். மறு கோடையில் அதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டு மழை ஓய்ந்ததும் பூத்தது.

பூத்த செடியின் அருகில் ஒரு நாற்காலி இட்டு அமர்ந்தால் பாடப் புத்தகம் சொல்லாத பலவற்றைக் காணலாம். ஆவாரம் பூவில் தேன் இல்லை. ஆயினும் தச்சு வேலைக்காரனைப் போல் மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு விடாமல் வருகிறது. அது மகரந்தத் தாளைக் காலால் கட்டிப் பிடித்துக்கொண்டு தன் உடலை அதிர்விக்கிறது. அப்பொழுது எழும் ஓசை பறக்கும்போது எழும் ஓசையன்று, அதனினும் உச்சமானது. மகரந்தப் பையின் நுனியில் நுண்ணிய துளை இருக்கிறது. அதிர்ச்சியில் மகரந்தம் அதன் வழியே உப்புத் தூளியிலிருந்து உப்புக் கொட்டுவது போலக் கொட்டுகிறது. இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற இரு சிற்றிலைகளையும் பாருங்கள். 1753இல் லின்னேயஸ் இச்செடிக்குப் பெயரிட்டபோது ஆரிக்குலாட்டா, அதாவது காதுடையது, என்று குறித்தது இதனால்தான். அன்று கேசியா என்ற இனத்தில் வைத்தார். இப்போது சென்னா என்ற இனத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சிறு திருத்தம். அவரை, துவரை போன்ற செடிகளின் வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று படித்திருப்பீர்கள். ஆவாரையும் அந்தப் பெருங்குடும்பமே ஆதலால் இதுவும் அவ்வாறே என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இதன் வேரில் அம்முடிச்சு உண்டாவதில்லை. இது மண்ணுக்குத் தருவது உதிரும் தழையை மட்டுமே.

ஐப்பசியில் ஒரு நாள் இலைகளெல்லாம் சல்லடையாயின. பச்சை நிறப் புழுக்கள்! பக்கத்து வீட்டு நண்பர் பூச்சி மருந்து அடிக்கச் சொன்னார். நான் அடிக்கவில்லை, பொறுத்துப் பார்த்தேன். இரு வாரத்தில் வெளிர்மஞ்சளும் வெண்மையுமான பட்டாம்பூச்சிகள் கொல்லையை நிறைத்தன. ஆவாரை மீண்டும் தழைத்தது. ஆண்டுக்கு ஒரு முறை, பூ ஓய்ந்ததும், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுகிறேன். இல்லாவிடில் செடி கால் நீண்டு, தலையில் மட்டும் தழையோடு நிற்கும்.

இப்போது என் கொல்லையில் பதினொரு செடிகள் உள்ளன. வெளியே அவை குறைந்துவருகின்றன. ஏரிக்கரைகளைச் சீமைக் கருவேல் சூழ்ந்துகொண்டது. கடற்கரைச் சாலையோரத்துத் தரிசுகள் மனைப் பிரிவுகளாக மாறிக் கல் நடப்பட்டுக் கிடக்கின்றன. கல் நட்ட மனைகளின் இடையே, வீடு எழும்பாத இடத்தில், இன்னும் சில புதர்கள் பூக்கின்றன. அவ்விடங்களில்தான் நான் காய் பறிப்பது; ஒரு புதருக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் பறிப்பதில்லை.

சென்ற புரட்டாசியில், ஆவாரையை வெட்டச் செய்த அதே பள்ளிக்குச் சென்றேன். இப்போதைய தலைமையாசிரியை இளையவர். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, வேலி ஓரத்தில் விதை ஊன்ற அனுமதி கேட்டேன். "ஆடு மேயுமே, ஐயா?" என்றார். வேறு எது கிடைத்தாலும் ஆடு இதைத் தேடுவதில்லை என்றேன். ஏழாம் வகுப்பு மாணவர்கள் இருபது குழி தோண்டினார்கள். மழைக்குப் பின் பதின்மூன்று குழிகளில் முளை கண்டிருந்தது. மீதி ஏழில் அடுத்த புரட்டாசியில் மீண்டும் ஊன்ற வேண்டும். அதற்கான விதையை ஒரு கண்ணாடிக் குப்பியில் சாம்பலோடு கலந்து எடுத்து வைத்திருக்கிறேன்.